ரூத் என்றால் என் ஆள்

ஹாலண்ட், மிச்சிகன்
மார்ச் 6, 2016

ஆர்லோ,

உன் விலாசம் கிளப் அலுவலகத்தில் கிடைத்தது. பழைய ஆட்டக்காரர்களின் பட்டியலை வைத்திருக்கும் பெண், "ஹ்ருஷ்காவா? இருக்காரு. ஆனா ஃபோன் நம்பர் ஒண்ணும் இல்ல" என்றாள். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் உறுதியானது. இருபத்தொரு வருடமாக அதைக்கூட நான் விசாரிக்கவில்லை. திட்ட வேண்டுமென்றால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படி.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையில் மூன்று விரல்கள் மூன்று திசையைப் பார்க்கின்றன. முழங்கால் இரண்டையும் மாற்றியாயிற்று. எடை மட்டும் இறங்கிவிட்டது. முந்நூற்றுப் பத்து பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று சாப்பிடுவதையே ஒரு வேலையாகச் செய்தோமே, காலையில் ஆளுக்குப் பன்னிரண்டு முட்டை. பசிக்கவில்லை என்றால் கோச் பிளெவின்ஸ், "பசிக்குதான்னு உன்னை யாருடா கேட்டா?" என்பார். இப்போது ரூத் எனக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றுகிறாள். அதையும் ஒரு கிண்ணத்துக்கு மேல் கேட்டால் முறைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் மைதானத்துச் சுவரில் என் பெயரைப் பொறிக்கப்போகிறார்கள். மில்லர்ஸ் ஃபுட்பால் அணியில் இதுவரை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பெயர்தான் அங்கே இருக்கிறது. முன்வரிசையில் நின்று எதிராளியை மறித்து அடி வாங்கியவன் ஒருவனுக்குக் கிடைப்பது இதுதான் முதல் முறை. ஆட்டத்தின் இடைவேளையில் யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் பேசி என்னை அறிமுகம் செய்ய வேண்டும். யார் என்று நானே சொல்லலாம். நான் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

முன்வரிசையின் நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுத்தவன் நான். என் இடது தோளை ஒட்டி ஆறு வருடம் நின்றவன் நீ. வேறு யாரைக் கூப்பிடுவேன்? வருவாயா?

நோரீனைக் கேட்டதாகச் சொல்.

கர்டிஸ் வாண்டர்லான்


ஓர்ட், நெப்ராஸ்கா
ஏப்ரல் 2, 2016

கர்டிஸ்,

கடிதம் வந்தது. கவுண்டியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். மார்ச் முழுக்க ஓய்வே இல்லை, அதனால்தான் தாமதம்.

ஃபோன் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு இரண்டு காதும் கேட்காது.

நோரீன் இறந்து இரண்டு வருடமாகிறது. கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்த ஒன்பதாவது வாரம் போய்விட்டாள்.

சுவரில் உன் பெயர் வருவது சந்தோஷம். நீ அதற்குத் தகுதியானவன்தான். ஆனால் நான் வரமாட்டேன். அந்த ஊரில் என் முகத்தைப் பார்த்தால் ஜனங்களுக்கு நினைவு வருவது ஒன்றே ஒன்றுதான்: ராய்ஸ் காலனின் காலை உடைய விட்டவன். ஆறு வருடத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் முறை நான் ஆளை மறித்திருப்பேன். அதில் ஒன்று தவறியது. அந்த ஒன்றில், நாம் காக்க வேண்டிய குவாட்டர்பேக்கின் கால் இரண்டாக ஒடிந்தது. அதன் பிறகு அவன் ஆடவே இல்லை. ராய்ஸும் அந்த விழாவுக்கு வருவான் அல்லவா? அவன் தடி ஊன்றி நடந்து வர, நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

வேறு ஆளைப் பார்.

ஆர்லோ


ஹாலண்ட்
ஏப்ரல் 11

ஆர்லோ,

நோரீன் போன செய்தி என்னை உலுக்கிவிட்டது. ரூத்திடம் சொன்னேன். அவள் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். நாங்கள் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னிடமும் நீ அந்த வேஷத்தைப் போட வேண்டாம், ஆர்லோ. மற்றவர்களிடம் வைத்துக்கொள்.

ராய்ஸின் கால் உடைந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலை, என் கண் முன்னாலேயே நிற்கிறது. முந்தின நாள் ஆட்டத்தின் படம் ஓடும் அறை. நாம் ஐந்து பேரும் ஒரே பெஞ்சில். பிளெவின்ஸ் படத்தை நிறுத்துகிறார். ஐம்பத்திரண்டாம் எண் சட்டைக்காரன் உனக்கும் எனக்கும் நடுவே, யாரும் தொடாமல், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து போகிறான். இன்னும் நான்கு காட்சி தள்ளினால் ராய்ஸின் கால். பிளெவின்ஸ் எப்போதும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்: "இது யாரோட ஆளு?"

அவனை மறிக்காமல் விட்டது யாருடைய தவறோ அவன் கையைத் தூக்க வேண்டும். தூக்கிய கையோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் விளக்கம் கிடையாது, பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது, அறைக்கு வெளியே அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நான் என் கை எழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அது எழவில்லை. பிறகு பார்த்தால் உன் கை மேலே இருந்தது. "என் ஆளு, கோச்" என்றாய்.

மறுநாள் உன்னை வந்து கூப்பிட்டார்கள், "கோச் கூப்பிடுறாரு, பிளேபுக்கையும் எடுத்துட்டு வா" என்று. ஆட்டத் திட்டப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் அணியை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நீ உன் பெட்டியைக் காலி செய்து முடிக்கும்வரை நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

நீ எனக்காகத்தான் கையைத் தூக்கினாய். அன்றே எனக்குத் தெரியும். ரூத்துக்கு அப்போது ஏழாவது மாதம், பிளெவின்ஸும் என்னை இருமுறை எச்சரித்திருந்தார். என்னைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்தாய். அதற்கு நன்றி சொல்லக்கூட எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. உன்னை அந்த மேடைக்குக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

கர்டிஸ்


ஓர்ட்
ஏப்ரல் 20

கர்டிஸ்,

எந்த வேஷம்? உனக்காக என்றால் என்ன?

நான் கையைத் தூக்கியது அது என் ஆள் என்பதால். நீ கூவியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதால்.

சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. அன்று நீ எந்தப் பெயரைக் கூவினாய்?

ஆர்லோ


ஹாலண்ட்
மே 3

ஆர்லோ,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அதில் நிறையக் காரணங்கள் இருந்தன.

ரூத்.

நான் கூவியது ரூத்.

உனக்கும் எனக்கும் நடுவே வருபவனை யார் பிடிப்பது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். எதிரணிக்காரனுக்குப் புரியக் கூடாது என்று பெண்டாட்டிகளின் பெயரை வைத்துக்கொண்டோம். ரூத் என்றால் என் ஆள். நோரீன் என்றால் உன் ஆள். அதைச் சொன்ன அன்று உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நோரீன், "அப்போ முரட்டு ஆளு வந்தா என் பேரு, நோஞ்சான் வந்தா ரூத்து பேரா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

அன்று ஐம்பத்திரண்டாம் எண்காரன் நடுவில் வந்து குனிந்தான். நான் ரூத் என்று கூவினேன். நீ என்னை நம்பி, முன்வரிசையில் உனக்கு இடப்பக்கம் நின்ற லாரிக்கு உதவப் போனாய். நீ செய்ய வேண்டியது அதுதான். பந்தைக் கொடுக்கும் நொடியில் என் வலப்பக்கம் ஒருவன் பாய்வதுபோல் அசைந்தான். நான் அவன் பக்கம் திரும்பிவிட்டேன். அவன் வெறுமனே பாசாங்கு செய்தான். என் ஆளை நானே கூவி எடுத்துக்கொண்டு, நானே விட்டுவிட்டேன்.

உனக்குச் சரியாகத்தான் கேட்டது, ஆர்லோ. உனக்குத் தெரிந்தேதான் கையைத் தூக்கினாய் என்று கடவுள் சாட்சியாக நம்பியிருந்தேன்.

கர்டிஸ்


ஹாலண்ட்
ஜூன் 19

ஆர்லோ,

ஆறு வாரமாகிறது. தினமும் தபால் பெட்டி வரை நடக்கிறேன். முழங்காலுக்கு நல்லது என்று ரூத்திடம் சொல்கிறேன். அவள் நம்பவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "என் பேரச் சொல்லித்தானே கூப்பிட்ட, என்கிட்டக்கூட நீ சொல்லலியே" என்றாள்.

ஒரு வரி எழுது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி.

கர்டிஸ்


ஓர்ட்
ஜூலை 30

கர்டிஸ்,

கெட்ட வார்த்தை எழுதிப் பார்த்தேன். இந்த அளவுக்குப் போதுமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் வலது காது கல்லூரி நாளிலேயே பாதி போய்விட்டது. நீ நின்ற பக்கம். கிளப் டாக்டரிடம் மறைத்தேன், உன்னிடமும் மறைத்தேன். நோரீனுக்கு மட்டும் தெரியும். நீ கூவும்போது பாதியைக் காதில் வாங்குவேன், மீதியை உன் தாடை அசைவில் பார்த்துக்கொள்வேன். ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் பயம்தான்.

அன்று எனக்கு ரூத் என்று கேட்டது. பிறகு படத்தில் பார்த்தால் நீ வலப்பக்கம் போயிருந்தாய். கர்டிஸ் தப்புச் செய்யமாட்டான், அப்படியென்றால் அவன் நோரீன் என்று கூவியிருக்கிறான், என் செவிட்டுக் காது கோட்டை விட்டுவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். உன்னைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் கை தூக்கினேன். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அடுத்த வாரம் மேற்கே ஒரு அணி என்னைக் கூப்பிட்டது. அவர்கள் டாக்டர், "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார். இன்னொருவன் காலையும் ஒடித்துவிடக் கூடாது என்று காதைப் பற்றி நானே சொன்னேன். கை குலுக்கி அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

அதைக்கூட நான் விழுங்கிவிடுவேன். நோரீனை என்ன செய்வது? வீட்டுக்கு வந்து அவளிடம், "உன் பேருதான்டி, அது கூட எனக்குக் கேட்கல" என்றேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருடத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவள் ராய்ஸுக்கு ஒரு டப்பா கோலாச்சி இனிப்பு ரொட்டி சுட்டு அனுப்பினாள். பாப்பி விதை பாதி, ஆப்ரிகாட் பாதி. கூடவே ஒரு அட்டையில் எங்களை மன்னிக்கும்படி எழுதுவாள். என்னை அல்ல, எங்களை. பத்தொன்பது வருடம் அனுப்பினாள். ராய்ஸ் ஒரு வரி பதில் போட்டதில்லை. "அவருக்கு இன்னும் ஆறல போல" என்பாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, இந்த வருடம் டப்பாவை நான் அனுப்ப வேண்டும் என்று நினைவுபடுத்தினாள். தன் பெயரை வைத்ததில் ஏதோ ராசி கெட்டுப்போச்சு என்றுகூட ஒரு முறை சொன்னாள். நான் மறுக்கவில்லை.

அவளுக்கு நீ ஒரு கடிதம் போட்டிருக்கலாம், கர்டிஸ். எந்த வருடம் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மேடையில் ஏறி எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பாய். சொல்லாதே. சொன்னால் எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று உனக்குக் கை தட்டுவார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று. அதை என்னால் தாங்க முடியாது. டென்னசிக்குப் போ. ராய்ஸின் வீட்டுக் கதவைத் தட்டி அவன் முகத்தைப் பார்த்துச் சொல். நோரீன் எதற்காக மன்னிப்புக் கேட்டாள் என்பதையும் சொல்.

ஆர்லோ


ஹாலண்ட்
ஆகஸ்ட் 28

ஆர்லோ,

போனேன். பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டினேன். ரூத்தும் வந்தாள், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை.

ராய்ஸ் ஒரு ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிறான். தடி இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "டேய் டச்சுக்காரா, என்னடா பாதியாப் போயிட்ட" என்று கட்டிக்கொண்டான். அவன் பேச ஆரம்பித்தால் என் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு என் ஆள், ஆர்லோவின் ஆள் இல்லை என்று.

அவன், "தெரியும்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?" என்றேன்.

"உனக்கு ரெண்டடி பின்னால நின்னவன் நான். நீ கத்துறது எனக்குக் கேட்காம வேற யாருக்குடா கேட்கும்? ரூத்துன்னு கத்தின. அப்புறம் நீயே வலது பக்கம் போயிட்ட."

"அப்ப ஏன் ராய்ஸ் சொல்லல?"

"ஆர்லோ கையைத் தூக்கிட்டான்னு ஆஸ்பத்திரியில வந்து சொன்னாங்க. உன்னைக் காப்பாத்துறான்னு நெனச்சேன். அது உங்க முன்வரிசைக்காரங்க சமாச்சாரம். தூக்குன கையை நான் யாரு இறக்கி வைக்கிறதுக்கு?"

உனக்கு உண்மையிலேயே தெரியாது என்று சொன்னேன். காதைப் பற்றிச் சொன்னேன். அவன் படகு ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கோலாச்சியைப் பற்றி நான் சொல்வதற்கு முன்னால் அவனே கேட்டான்: "அப்போ அந்த அம்மா நெஜமாவே மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தாங்களா? என் கால் போச்சேன்னு பரிதாபப்பட்டு ஏதோ எழுதுறாங்கன்னுல்ல நெனச்சேன். உங்க மேல தப்பில்லன்னு எழுதினா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். அதனாலதான் ஒண்ணும் எழுதல. ஒவ்வொரு வருஷமும் பலகாரத்த மட்டும் தின்னுட்டு சும்மா இருந்திருக்கேன்." அவன் உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னான்.

ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது தெரிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டோம். ராய்ஸாவது மரியாதைக்காக இருந்தான். நான் பயத்தில் இருந்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சுவரில் என் பெயர் வேண்டாம் என்று கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். அனுப்பவா? நீ சொல், அப்படியே செய்கிறேன்.

கர்டிஸ்


ஓர்ட்
செப்டம்பர் 18

கர்டிஸ்,

ராய்ஸின் கடிதம் வந்தது. நல்ல கடிதம். நான்கு பக்கம். அதைப் பற்றி உனக்கு எழுதப்போவதில்லை.

சுவரைப் பற்றி என்னைக் கேட்காதே. அதையும் என் தலையில் கட்டாதே. ஒரு முறை உனக்காக நான் தீர்மானித்ததாக நீ நினைத்துக்கொண்டதே போதும். என் எண்ணத்தைச் சொல்ல வேண்டுமென்றால், பதினோரு வருடம் நீ நன்றாகத்தான் ஆடினாய். அது பொய்யில்லை. போய் வாங்கிக்கொள், அல்லது வேண்டாம் என்று சொல், எதுவானாலும் உன் கையால் செய். நான் வரமாட்டேன். உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் நல்லதாகப் பேச இப்போது எனக்கு வராது. கெட்டதாகப் பேசவும் மனம் வரவில்லை. மன்னித்துவிட்டாயா என்று நீ இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்காதே.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

அந்த வருடத்து ஆட்டங்களின் கேசட்டுகளைக் கிளப் எல்லோருக்கும் கொடுத்தது அல்லவா? அந்த ஒன்றை மட்டும் நான் போட்டுப் பார்த்ததே இல்லை. படம் ஓடும் அறையில்கூட என் கண் ராய்ஸின் மேல்தான் இருந்தது, என்னை நான் பார்க்கவில்லை. போன ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் நூலகத்தில் வேலை செய்பவளின் வீட்டிலிருந்து கேசட் ஓட்டும் பழைய பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். பெட்டியைப் பொருத்தவே முக்கால் மணி நேரம் ஆனது.

பார்த்தேன், கர்ட். முதலில் இடது காலை எடுத்து வைக்கிறேன். சரியாக ஆறு அங்குலம், பிளெவின்ஸ் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த அதே அளவு. இடுப்பு தாழ்ந்திருக்கிறது. கை இரண்டும் உள்ளே இருக்கிறது. லாரியின் ஆளை விலாவில் வாங்கி அப்படியே நிறுத்துகிறேன். அவன் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பருவத்திலேயே நான் வைத்த மிகச் சரியான அடி அதுதான் என்று நினைக்கிறேன். அரைக் காதோடு ஆறு வருடம் ஆடியிருக்கிறேன். உன் குரலை ஒரு முறைகூட நான் தப்பாகக் கேட்டதில்லை. நான் நல்ல ஆட்டக்காரனாக இருந்திருக்கிறேன், கர்ட். இது எனக்குத் தெரியாது.

"நோரீன், இங்க வந்து பாரேன், நான் சரியாத்தான் நின்னிருக்கேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது. இந்த ஊரில் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் அவர்கள் பந்தைத்தான் பார்ப்பார்கள். ராய்ஸுக்கும் இது தெரியாது, அவன் நம் முதுகைத்தான் பார்த்தவன். பிளெவின்ஸ் போய்விட்டார். லாரியும் போய்விட்டான். அந்தக் காலடியைப் பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடியவன் என்று உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான். வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களுக்குத்தான் எழுதியிருப்பேன்.

கேசட்டை இதோடு அனுப்புகிறேன். நான்காம் பகுதி, எட்டு நிமிடம் மீதி இருக்கும்போது. ராய்ஸைப் பார்க்காதே, உன்னையும் பார்க்காதே. என் இடது காலை மட்டும் பார். பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று எனக்கு எழுது.

ஆர்லோ